ஏழாவது எபிசோடில் ஒரு முதுகு

அத்தியாயம் 19

போன வாரம் அண்ணியைக் கையில் சீப்போடு டிவி முன்னால் நிறுத்திவிட்டுப் போனோம். பாவம், பாதித் தலை வாரியபடி ஒரு வாரமாக அப்படியே நிற்கிறாள். இனியும் நிற்க வைத்தால் அது நியாயமில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்கு ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் வேலை. யார் வீட்டில் யார் மயங்கி விழுந்தாலும் முதல் போன் அவள் காதுக்குத்தான் வரும். பதினாறு வருஷ சர்வீஸ். இன்று மாலை நாலு மணிக்கு ஷிப்ட் இன்சார்ஜ் பதவிக்கு அவளுக்கு இன்டர்வியூ.

அவள் புருஷன் நூலகர். யாராவது இருமினால்கூடத் திரும்பிப் பார்க்கிற வேலை. அதனாலோ என்னவோ, அடுத்தவர்கள் வேலையில் படுகிற பாட்டைப் பார்ப்பதென்றால் மனுஷருக்குக் கொள்ளைப் பிரியம். வெள்ளிக்கிழமை தவறாமல், எண்ணூறு பேர் இருக்கிற போன் குழுவுக்கு ஒரு பட்டியல் அனுப்புவார். ஓட்டல் சமையலறையில் கத்திக்கொண்டே இருக்கும் தொடர், பங்குச்சந்தையில் நகம் கடிக்கும் தொடர், நீர்மூழ்கிக் கப்பலில் ஆளாளுக்கு முறைத்துக்கொள்ளும் தொடர். ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு வேறு: "சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்." "பிரஷர் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு ஒரு எபிசோடோடு நிறுத்தவும்." இதையெல்லாம் சோபாவில் காலை நீட்டிப் படுத்தபடிதான் எழுதுவார்.

இந்த வாரப் பட்டியலில் முதலிடம், ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமைப் பற்றிய ஒரு வெளிநாட்டுத் தொடர். தமிழில் டப் செய்திருந்தார்கள். "பாரும்மா, உன் கதைதான்" என்று வெள்ளிக்கிழமையிலிருந்து அண்ணியை நச்சரித்துக்கொண்டிருந்தார். தினம் எட்டு மணி நேரம் அனுபவிப்பதை வீட்டிலும் உட்கார்ந்து பார்க்க அவளுக்கு என்ன தலையெழுத்து? ஆனாலும் நச்சரிப்பு தாங்காமல் பார்க்க ஆரம்பித்து, இந்தத் திங்கட்கிழமை மத்தியானம் ஏழாவது எபிசோடுக்கு வந்திருந்தாள்.

திரையில் கன்ட்ரோல் ரூம் ஜன்னல். கதாநாயகி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். குரல் மட்டும் வருகிறது.

"ஆம்புலன்ஸ் தப்பான தெருவுக்குப் போச்சு. அனுப்பினது நான். ரிப்போர்ட்ல பழியை போன் பண்ணினவர் மேல போட்டுட்டேன்."

அண்ணியின் சீப்பு பாதித் தலையில் நின்றது. பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். ஒரு எழுத்து மாறவில்லை.

என்ன விஷயமென்றால், நாலு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு போன் வந்தது. ஒரு இளைஞன். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், பூங்காத் தெரு என்றான். பூங்காத் தெரு இரண்டு உண்டு, வாய்க்காலுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. கம்ப்யூட்டரில் "பூ" என்று தட்டினாலே போதும், எந்தத் தெருவிலிருந்து அதிகமாக போன் வருமோ அது மேலே வந்து நிற்கும். வடக்குத் தெருவில் முதியோர் இல்லம் இருக்கிறது, தினம் ஒரு வண்டி போகும். அவன் "தெற்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அண்ணியின் விரல் என்டரைத் தட்டிவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார்கள். எது மேலே வரும் என்று அவர்களுக்குத் தெரியாது, பயந்து பயந்து முழு முகவரியும் தட்டுவார்கள். இது கை பழகியவர்களுக்கு மட்டும் வருகிற தப்பு.

வண்டி வடக்கே போய்த் தேடி, பாலத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கே வரப் பதினோரு நிமிஷம் கூடுதலாக ஆனது. அந்தப் பதினோரு நிமிஷமும் அண்ணி அவனோடு பேசிக்கொண்டே இருந்தாள். அப்பாவின் மார்பை எப்படி அழுத்துவது என்று எண்ணி எண்ணிச் சொன்னாள். அவன் உடைந்து அழுதபோது, "உங்க வீட்டுக் கதவு என்ன நிறம்?" என்று கேட்டாள். அது அவள் சொந்தக் கைமருந்து. பதறுகிறவர்களைக் கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளைப் பார்த்துச் சொல்ல வைத்தால் மூச்சு கொஞ்சம் சீராகும். மூச்சு சீரானது. அப்பா பிழைக்கவில்லை.

ரிப்போர்ட்டில் "தாமதத்தின் காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அண்ணி எழுதினாள்: "அழைத்தவர் முகவரியைத் தவறாகக் கூறினார்." வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு புருஷனிடம் மட்டும் சொல்லி அழுதாள். புகார் வந்தால்தான் போன் பதிவை எடுத்துக் கேட்பார்கள். புகார் வரவில்லை. தொண்ணூறு நாள் முடிந்ததும் பதிவு தானாக அழிந்துவிட்டது. ஆக, அந்த உண்மை இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது டிவிக்கும் எப்படித் தெரிந்தது?

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

கன்ட்ரோல் ரூம் குரல். ஏற்ற இறக்கமே இருக்காது. வீட்டில் அந்தக் குரல் கேட்டால் நூலகருக்குக் கால் தானாக நடக்கும். இரண்டு கையிலும் காபியோடு வந்து நின்றார்.

"பார்த்துட்டியா? நான் சொல்லல? ஒன்பதாவது இன்னும் பிரமாதமா இருக்குமாம்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"எண்ணூறு பேர்கிட்டயும் சொல்லிருக்கேன். பட்டியல்ல முதல்ல..."

"என் விஷயத்தை யார்கிட்ட சொன்னீங்கன்னு கேட்டேன்."

அவள் அந்தக் காட்சியை ஓடவிட்டாள். நூலகர் திருதிருவென்று விழித்தார். ஒரு டம்ளர் காபி சாய்ந்து தரையில் கொட்டியது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"சத்தியமா நான் யார்கிட்டயும் மூச்சு விடல. நான் இன்னும் ஏழாவது பாக்கவே இல்லம்மா."

"பாக்காமலேயே முதலிடம் குடுத்தீங்களா?"

அண்ணிக்குச் சந்தேகம் நாலு திசையிலும் கிளை விட்டது. ஒரு வாரமாக இவர் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ போன் பேசுகிறார். இவருடைய குழுவில் கன்ட்ரோல் ரூம் ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர், எல்லோரும் மீசை என்று கூப்பிடுகிற சூப்பர்வைசர். அதே மீசைதான் இன்று இன்டர்வியூவில் உட்காரப் போகிறார். முந்தாநாள் அவர் தாண்டிப்போகும்போது, "உங்க வீட்டுக்காரர் சொன்ன சீரியல் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாரே, அது என்ன சிரிப்பு?

"பால்கனியில யார்கிட்ட பேசறீங்க?"

"பல் டாக்டர்கிட்ட."

"ஒரு வாரமாவா?"

"ரெண்டு பல். பிடுங்கணும்னு சொல்றாங்க. உன் இன்டர்வியூ முடியட்டும்னு இருந்தேன்." போனை எடுத்துக் காட்டினார். பல் டாக்டர்தான். எக்ஸ்ரே வேறு இருந்தது. வேறு நாளாக இருந்தால் அண்ணி சிரித்திருப்பாள்.

"அப்ப இது எப்படிங்க வந்துச்சு? காத்துல போச்சா?"

நூலகர் சோபா நுனியில் உட்கார்ந்தார். தேடித் தருவதுதானே அவர் பிழைப்பு. ரிமோட்டை வாங்கி, டப்பிங்கை மாற்றி அசல் மொழியில் வைத்தார். கீழே எழுத்தில் மொழிபெயர்ப்பு ஓடும்படி செய்தார். அதே ஜன்னல், அதே முதுகு. கீழே ஓடிய எழுத்து இது: "மழை வரும் போலிருக்கிறது. இன்று நான் நடந்தே வீட்டுக்குப் போகிறேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அசல்ல அப்படி ஒரு பேச்சே இல்லம்மா. தமிழ்ல யாரோ சேர்த்திருக்காங்க" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"என்னங்க."

"குட்டிதான் இதை முதல்ல போடச் சொன்னா. அண்ணியைக் கட்டாயம் பாக்க வை, ஏழாவது வரைக்கும் விடாதேன்னு சொன்னா. ஏன்னு கேட்டதுக்கு, நல்லா இருக்கும்னா. நானும் பாக்காமலேயே போட்டுட்டேன்."

குட்டி யார் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். நூலகரின் ஒரே தங்கை, வயது முப்பத்தைந்து, பெயர் மட்டும்தான் குட்டி. கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறாள். ஒரே சமயத்தில் நாலு தொடர் ஓடும். எது எதென்று வெளியே சொல்லக்கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், வீட்டிலும் சொல்லமாட்டாள். அவள் வேலையில் பெரிய தொல்லை உதடுதான். திரையில் வாய் திறக்கும்போது திறக்கிற வார்த்தை வேண்டும், மூடும்போது மூடுகிற வார்த்தை வேண்டும். ஆனால் நடிகை முதுகைக் காட்டிவிட்டால் உதட்டுத் தொல்லை கிடையாது. அங்கே எழுதுகிறவள் வைத்ததுதான் சட்டம்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அறை. அண்ணி அழுத அன்றைக்கு இவள் காது எங்கே இருந்தது? சோறு போட்ட வீட்டில் ஒட்டுக்கேட்டு, அதை ஊருக்கே ஒலிபரப்பியிருக்கிறாளே. அண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

ஜன்னலுக்குக் கனத்த போர்வை கட்டியிருந்த அறை. குட்டி ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மேஜையில் விரலால் தட்டித் தட்டி ஏதோ வசனத்துக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் விரல் நின்றது.

"பார்த்துட்டீங்களா, அண்ணி?"

"ஒட்டுக்கேட்டியா?"

"இல்ல."

"அப்ப உங்கண்ணன் சொன்னாரா?"

"அண்ணனா? அவர் நாலு மாசமா என் கண்ணைப் பார்த்தே பேசல. ஏன்னு இப்பதான் புரியுது." குட்டி எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். "உக்காருங்க."

"நான் உக்கார வரல. மீசை பாத்துக்கிட்டிருக்கார், ஆபீஸே பாத்துக்கிட்டிருக்கு. நாலு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. உனக்கு நான் என்ன குறை வெச்சேன், குட்டி? எதுக்கு இப்படிப் பண்ணினே?"

குட்டி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"எங்க ஸ்டூடியோவில சவுண்ட் இன்ஜினியர் ஒருத்தர் இருக்கார். முன்னெல்லாம் வாய் ஓயாம பேசுவார். நாலு மாசமா பேச்சே இல்ல. அப்பா செத்துப்போயிட்டார்னு தெரியும். அதுக்கு மேல யாரும் கேக்கல. போன மாசம் இந்தத் தொடர் வேலை ஆரம்பிச்சோம். முதல் நாள், கன்ட்ரோல் ரூம் சீன் ஓடுது, ஹெட்போனைக் கழட்டி வெச்சிட்டு வெளிய போயிட்டார். பின்னாடியே போனேன். படிக்கட்டுல உக்காந்து அழறார்."

அண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அன்னிக்கு எல்லாத்தையும் சொன்னார். ஆம்புலன்ஸ் ஏன் லேட்டாச்சுன்னு அவங்க வீட்டிலிருந்து, புகாரா இல்லாம, சும்மா எழுதிக் கேட்டாங்களாம். நீங்கதான் முகவரியைத் தப்பா சொன்னீங்கன்னு பதில் வந்திருக்கு. இவருக்கு என்ன சொன்னோம்னே ஞாபகம் இல்ல. பதட்டத்துல வடக்குன்னு உளறிட்டேன் போலிருக்கு, எங்கப்பாவை நானே கொன்னுட்டேன்னு சொன்னார். போன்ல பேசின அம்மா மேல அவருக்குக் கோபமே இல்ல. ரொம்ப நல்லவங்க, கடைசி வரைக்கும் லைன்ல இருந்தாங்க, வீட்டுக் கதவு என்ன நிறம்னுகூடக் கேட்டாங்கன்னார்."

நூலகர் வாசற்படியில் வந்து நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"கதவு நிறம் கேக்கறது ஊரிலேயே நீங்க ஒருத்தர்தானே, அண்ணி."

"அப்ப அன்னிக்கே என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

அண்ணி கையிலிருந்த சீப்பை மேஜையில் வைத்தாள்.

"எனக்கு யார் சொன்னது சரின்னு தெரியாது. அவரே உளறியிருக்கலாம். நீங்க தப்பு பண்ணியிருக்கலாம். உங்களைச் சந்தேகப்படவும் மனசு வரல, சும்மா இருக்கவும் முடியல. முதுகு காட்டுற சீன் ஒண்ணு வந்துச்சு, நானா ஒரு வசனம் எழுதிப் போட்டேன். அது உண்மைன்னு நினைச்சு எழுதல. உங்க மேல தப்பு இல்லன்னா, இது என்ன கூத்துன்னு சிரிச்சிட்டு அடுத்த எபிசோடு பாத்திருப்பீங்க. தெரு, தேதி எதுவும் அதுல இல்லையே. மீசைக்கு அது வெறும் சீரியல். ஆபீஸ்ல யாருக்கும் எதுவும் தெரியாது." குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கோபமா வந்து நின்னீங்க பாருங்க, அதுலதான் எனக்கே தெரிஞ்சுது."

இவ்வளவு நேரம் வீட்டில் யார் யாரையோ சந்தேகப்பட்டவள் அண்ணி. அவளைத்தான் ஒரு மாதமாகக் குட்டி சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேண்டாம் என்ற அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அசிங்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்தப் பையன் தன்னை நல்லவள் என்று சொன்னதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

"அந்தப் பையன் ஏழாவது பாத்துட்டானா?"

"அவர்தான் அதுக்கு சவுண்ட் மிக்ஸ் பண்ணினார். அந்த வசனத்தை மூணு தடவை ஓட்டிக் கேட்டார். யார் எழுதினதுன்னு கேட்டார். நான்னு சொன்னேன். ஏன் எழுதினேன்னு கேட்டார். அசல்ல அப்படித்தான் இருக்குன்னு பொய் சொன்னேன்." குட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டடிக்கப் போகிறது. "அண்ணி, இன்னிக்குக் கடைசி எபிசோடு ரெக்கார்டிங். என்னைக் கூட்டிட்டுப் போக அவர்தான் வரார். எப்பவும் கீழேயே நின்னுடுவார். இன்னிக்கு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கணும், மேல வருவார்."

நூலகர் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"உள் ரூமுக்குப் போயிடும்மா. அஞ்சு நிமிஷம். அவர் போகட்டும். நாலு மணி வேலையைப் பாரு. மத்ததெல்லாம் அப்புறம் யோசிக்கலாம்."

"அண்ணா சொல்றது சரி" என்றாள் குட்டி, கசப்பாக. "நீங்க உள்ள போகக்கூட வேணாம் அண்ணி. அவர் உங்களைப் பார்த்ததில்ல. வாயைத் திறக்காம இருந்தா போதும். அவர் காது பொல்லாத காது. திறந்தீங்கன்னா ரெண்டே வார்த்தையில கண்டுபிடிச்சிடுவார்."

"நீ சொல்லிடுவியா?"

"மாட்டேன். இனிமே நான் எதுவும் எழுதவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன். பதிவும் இல்லன்னு அவருக்கு எழுதிட்டாங்களாம். நீங்களா சொன்னாத்தான் உண்டு."

அழைப்பு மணி அடித்தது.

நூலகர் அண்ணியின் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் கெஞ்சல் இருந்தது. பதினாறு வருஷம், சம்பளம், பெயர், நாலு மணி, எல்லாம் அதில் இருந்தது. நல்ல மனுஷர்தான். அவளுக்காகத்தான் நாலு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு நடந்தாள். கூடத்தைத் தாண்டும்போது, கொட்டிய காபியில் கால் வைத்துவிட்டு அப்படியே போனாள்.

கதவைத் திறந்தாள். முப்பது வயது இருக்கலாம். ஒல்லி. கழுத்தில் அடையாள அட்டை, சவரம் செய்யாத முகம்.

"மேடம் ரெடியா? பெட்டி எடுக்க வந்தேன்" என்றான்.

அதே குரல். அன்றைக்கு அழுகையில் நனைந்திருந்தது, இன்று காய்ந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணி தலையை ஆட்டினால் போதும். விலகி வழி விட்டால் போதும். இரண்டு நிமிஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவளும் போய் முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஒரு கணம், ஆமாம், ஒரு முழுக் கணம் அவள் அப்படித்தான் செய்ய நினைத்தாள். இதை மறைத்து அவளைப் பெரிய ஆளாகக் காட்ட எனக்கு மனமில்லை.

"உள்ள வாங்க" என்றாள். "உங்ககிட்ட நான் பேசணும்."

அவன் அடுத்த அடி வைக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்தான். குட்டி சொன்னது சரிதான், பொல்லாத காது.

"நீங்களா?" என்றான். பிறகு, பயந்துகொண்டே கேட்பதுபோல, "அன்னிக்கு நான் எந்தத் தெருன்னு சொன்னேன்?"

"தெற்கு. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் முழுசா கேக்கறதுக்கு முன்னாடி தட்டிட்டேன். ரிப்போர்ட்ல எழுதினது பொய்."

கன்ட்ரோல் ரூம் குரல் இல்லை அது. அவளுடைய குரல்தான், உடைந்து, பாதி முழுங்கி. பின்னால் நூலகர் சுவரில் சாயும் சத்தம் கேட்டது.

அவன் அடிப்பான் என்று நினைத்தாள். கத்துவான் என்று நினைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். இரண்டு தடவை தவறாகத் தொட்டு, மூன்றாவது தடவை சரியாகத் தொட்டான்.

"எங்கம்மா நாலு மாசமா என்கிட்ட பேசறதில்ல" என்றான். "அப்பாவைக் கொன்னவன்னு ஒரு தடவை சொன்னாங்க. அதோட நிறுத்திட்டாங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

போனை நீட்டினான். அண்ணி வாங்கிக்கொண்டாள். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் போன் எடுத்திருக்கிறாள், இப்படிக் கனத்த போனை எடுத்ததில்லை. மறுமுனையில் மணி அடித்தது. நாலு தடவை, ஐந்து தடவை அடித்தது. எடுக்கமாட்டார்கள் என்று அவள் நினைத்தபோது யாரோ எடுத்தார்கள்.

"நீ எதுக்குடா போன் பண்றே?" என்றது ஒரு அம்மாவின் குரல்.